அத்தியாயம் 7: சர்வரின் நேர வலயத்தை மாற்றுதல்

புதிதாக ஒரு கிளவுட் சர்வரை வாடகைக்கு எடுக்கிறீர்கள். உள்ளே நுழைந்து நேரம் கேட்கிறீர்கள். உங்கள் கையில் மதியம் மூன்று மணி. அது காலை ஒன்பதரை என்கிறது. சர்வரில் கோளாறு ஏதும் இல்லை. அது யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தைக் காட்டுகிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். கடிகாரம் தவறு என்று நினைத்து முள்ளைத் திருப்பிவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். இந்த அத்தியாயத்தில் வேறு எது மறந்தாலும் இது நினைவில் இருக்கட்டும்: ஐந்தரை மணி நேரம் பிசகினால் மாற்ற வேண்டியது வலயத்தை, கடிகாரத்தை அல்ல.

கட்டளைகளை எப்படி அடிப்பது

கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள். பொதுவான விதிவிலக்குகள் இரண்டு. வலயப் பெயர்களில் கண்டத்தின் முதல் எழுத்தும் ஊரின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து. டைம் ஸோன் என்பதன் முதலெழுத்துகளான டிஇசட் என்ற மாறி வரும்போது இரண்டுமே பெரிய எழுத்து. சாய்கோடு, சிறுகோடு, சமக்குறி ஆகியவற்றை உள்ளபடியே அடிக்க வேண்டும். இடைவெளி காட்டாத இடத்தில் இடைவெளி விடக் கூடாது.

தெரிந்துகொள்ள வேண்டிய கொஞ்சம் கோட்பாடு

யூனிக்ஸ் கணினி தனக்குள் மணி, நிமிடம் என்று நேரத்தை வைத்துக்கொள்வதில்லை. 1970 ஜனவரி 1, யூடிசி நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடி கடந்தது என்ற ஒரே எண்ணைத்தான் வைத்திருக்கிறது. இந்த எண் சென்னையிலும் ஒன்றுதான், சிகாகோவிலும் ஒன்றுதான். நீங்கள் நேரம் கேட்கும்போது அந்த எண்ணை எடுத்து, வலயக் கோப்பில் உள்ள விதிப்படி உள்ளூர் நேரமாக மாற்றிக் காட்டுகிறது.

அதனால் வலயத்தை மாற்றும்போது மாறுவது காட்சி மட்டுமே. கோப்புகள் எப்போது திருத்தப்பட்டன என்ற பதிவும், பாதுகாப்புச் சான்றிதழின் காலாவதிக் கணக்கும் அசையாமல் அப்படியே இருக்கும். கடிகாரத்தைத் திருப்பினாலோ அந்த விநாடி எண்ணே பொய்யாகிவிடும். கடிகாரம் பின்னால் போனால், புதிதாகப் பெற்ற பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் அமலுக்கு வரவில்லை என்று நிராகரிக்கப்படும். முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும் இரண்டாம் கட்ட லாகின் எண் பொருந்தாமல், நீங்களே உங்கள் சர்வருக்கு வெளியே நிற்க நேரலாம்.

முதலில் நோயைக் கண்டறியுங்கள்

1. டெர்மினலில் இதை அடியுங்கள்:

 டேட் -யு

இது யூடிசி நேரத்தைக் காட்டும். அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுங்கள். உங்கள் கைபேசி காட்டும் நேரம் வந்தால் கடிகாரம் சரி, வலயம்தான் தவறு. தொடர்ந்து படியுங்கள்.

2. கூட்டிய பிறகும் சில நிமிடங்களோ மணிகளோ பிசகினால் கடிகாரமே தவறு. அதற்கு மருந்து வேறு. இணையம் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் குரோனி அல்லது டைம்சிங்க்டி போன்ற சேவையை இயக்கி, கடிகாரம் நேரான பிறகு இந்த அத்தியாயத்துக்குத் திரும்புங்கள். இரண்டு கோளாறுகளையும் ஒரே நேரத்தில் சரிசெய்யப் போனால் எது எதனால் மாறியது என்று தெரியாமல் போகும்.

3. இப்போதைய வலயம் என்ன என்று பாருங்கள்:

 டைம்டேட்சிடிஎல்

டைம், டேட் இரண்டையும் சேர்த்து, கடைசியில் கன்ட்ரோல் என்பதன் சுருக்கமான சி, டி, எல் எழுத்துகளை அடிக்க வேண்டும். உள்ளூர் நேரம், யூடிசி நேரம், மதர்போர்டில் உள்ள கடிகாரத்தின் நேரம், வலயத்தின் பெயர், இணைய நேரச் சேவை ஓடுகிறதா என்பதெல்லாம் ஒரே திரையில் வரும்.

4. பழைய வலயத்தின் பெயரைத் தாளில் குறித்து வையுங்கள். பின்வாங்க நேர்ந்தால் அந்த ஒரு வரி போதும்.

வலயத்தின் சரியான பெயர்

வலயப் பெயர்கள் கண்டம், சாய்கோடு, ஊர் என்ற வடிவில் இருக்கும். இந்தியா முழுமைக்கும் பெயர் இதுதான்:

 ஏசியா/கொல்கத்தா

ஏசியா/சென்னை என்று ஒன்று கிடையாது. மும்பையும் டெல்லியும்கூட இல்லை. 1970க்குப் பிறகு ஒரே கடிகாரத்தைப் பின்பற்றிய ஒரு பகுதிக்கு ஓர் ஊரின் பெயர் போதும் என்பது இந்தப் பட்டியலைத் தொகுப்பவர்களின் விதி. ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கி, பால் எக்கெர்ட் பராமரித்துவரும் இந்தத் தரவுத்தளத்தை 2011 முதல் ஐயானா என்ற இணைய எண்கள் ஒதுக்கீட்டு அமைப்பு பேணிவருகிறது. லினக்ஸ், பிஎஸ்டி, மேக், ஆண்ட்ராய்டு எல்லாமே இதிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. பழைய கணினிகளில் கல்கத்தா என்ற எழுத்துக்கூட்டல் இருக்கும். இரண்டும் ஒரே வலயம்தான்.

இல்லாத பெயரைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை செய்தே பாருங்கள். இதனால் எதுவும் கெடாது:

 டிஇசட்=ஏசியா/சென்னை டேட்

பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் பிழைச் செய்தி எதுவும் வராது. யூடிசி நேரத்தைக் காட்டி, பக்கத்தில் ஏசியா என்று ஒரு சொல்லையும் போடும். அந்தச் சொல்லைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று நம்பிப் போகிறவர்கள் உண்டு. பக்கத்தில் என்ன பெயர் வருகிறது என்று பார்க்காதீர்கள், மணியைப் பாருங்கள்.

பிற நாடுகளில் உள்ள சர்வர்களுக்கு முழுப் பட்டியலையும் பார்க்கலாம்:

 டைம்டேட்சிடிஎல் லிஸ்ட்-டைம்ஸோன்ஸ்

பட்டியல் நீளம். சாய்கோட்டை அழுத்தி ஊரின் பெயரைத் தேடுங்கள், வெளியேற க்யூ எழுத்தை அழுத்துங்கள். இலங்கைக்கு ஏசியா/கொழும்பு, சிங்கப்பூருக்கு ஏசியா/சிங்கப்பூர். கோலாலம்பூர், நியூயார்க் போன்ற இரட்டைச் சொல் ஊர்களில் இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு வரும்.

இன்றைக்கு ஒரே நேரம்தானே என்று கொழும்புக்குப் பதிலாகக் கொல்கத்தாவைப் போடக் கூடாது. இலங்கை 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி நேரம் பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில்தான் ஐந்தரை மணிக்குத் திரும்பியது. கொழும்புக் கோப்பில் இந்த வரலாறு முழுவதும் இருக்கிறது. 2001ஆம் ஆண்டின் ஒரு பிறப்புப் பதிவையோ வங்கிப் பதிவையோ கொல்கத்தா வலயத்தில் திறந்தால் அரை மணி நேரம் பிசகும். சிங்கப்பூரும் இப்படித்தான்: 1982 பிறக்கும்போது ஏழரையிலிருந்து எட்டு மணிக்கு நகர்ந்தது.

நேரம் இருந்தால் இதையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்:

 இசட்டம்ப் -வி ஏசியா/கொல்கத்தா

இசட் எழுத்தையும் டம்ப் என்ற சொல்லையும் சேர்த்து அடிக்க வேண்டும். ஒரு வலயத்தில் கடிகாரம் மாறிய ஒவ்வொரு கணத்தையும் இது பட்டியலிடும். இந்தியப் பட்டியலில் எம்எம்டி என்ற சுருக்கத்தைப் பார்ப்பீர்கள். அது மெட்ராஸ் நேரம். யூடிசியைவிட 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முன்னால் இருந்த அந்த நேரம் 1906 ஜனவரி 1 வரை இந்தக் கோப்பில் இடம்பெறுகிறது. ஒரு காலத்தில் இந்திய ரயில்களையே ஓட்டிய மெட்ராஸின் நேரம் இன்றும் நம் கணினிகள் ஒவ்வொன்றுக்குள்ளும் பதிந்திருக்கிறது என்பது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியா ஒரு மணி நேரம் கூட்டி வைத்ததும் அதே பட்டியலில் தெரியும்.

எந்த நேரத்தில் மாற்றுவது

வீட்டுக் கணினி என்றால் இப்போதே மாற்றலாம். வேலை ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் என்றால், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான் சேவையின் அட்டவணையை முதலில் பாருங்கள்:

 கிரான்டேப் -எல்

யூடிசியிலிருந்து இந்திய நேரத்துக்கு வரும்போது உள்ளூர் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தாவுகிறது. காலை பத்து மணிக்கு நீங்கள் மாற்றினால் சர்வருக்கு அதற்கு முந்தைய நொடி வரை மணி நாலரை. நாலரைக்கும் பத்துக்கும் இடையில் குறித்த வேலைகள் அன்றைக்கு ஓடாமலே போகலாம். ஆறு மணி பேக்கப் அந்த இடைவெளியில் இருந்தால் அன்று பேக்கப் இல்லை. சிங்கப்பூர் நேரத்திலிருந்து இந்திய நேரத்துக்கு வருவது போல எதிர்த்திசையில் போனால், ஏற்கெனவே ஓடிய வேலை மறுபடி ஓடலாம். இரண்டு முறை சம்பளம் கணக்கிடும் நிரலும், இரண்டு முறை வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் நிரலும் ஆபத்தானவை. தாவும் இடைவெளிக்குள் எந்த வேலையும் விழாத ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்படி ஒரு நேரம் அமையவில்லை என்றால் கிரான் சேவையைச் சற்று நிறுத்திவிட்டு, விடுபட்டவற்றைக் கையால் ஓட்டுங்கள்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். யூடிசி கணக்கில் இரவு எட்டரை என்று எழுதி, இந்திய நேரம் அதிகாலை இரண்டு மணிக்கு ஓடும்படி யாரேனும் முன்பே அட்டவணை போட்டிருப்பார்கள். வலயம் மாறிய பிறகு அது நிஜமாகவே இரவு எட்டரைக்கு, அலுவலகத்தில் ஆள் இருக்கும்போது ஓடும். அட்டவணை வரிகளையும் சேர்த்துத் திருத்த வேண்டும்.

முறை 1: சிஸ்டம்டி உள்ள லினக்ஸ்

உபுண்டு, டெபியன், ஃபெடோரா, ரெட்ஹாட், ஆர்ச் என இன்றைய பெரும்பாலான லினக்ஸ் வகைகளுக்கு இது போதும். முடிந்தவரை இந்த முறையிலேயே செய்யுங்கள். பெயரைச் சரிபார்த்து, தவறென்றால் மறுத்துவிடும் வழி இது.

1. விநாடி எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்:

 டேட் +%எஸ்

இங்கே எஸ் சிறிய எழுத்து. பெரிய எழுத்தில் அடித்தால் வேறு விடை வரும்.

2. வலயத்தை மாற்றுங்கள்:

 சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-டைம்ஸோன் ஏசியா/கொல்கத்தா

கடவுச்சொல் கேட்டால் கொடுங்கள். வெற்றி என்றால் எந்தச் செய்தியும் வராது, அடுத்த வரி காத்திருக்கும்.

3. மறுபடி விநாடி எண்ணைப் பாருங்கள். இடையில் கழிந்த சில விநாடிகள் மட்டுமே கூடியிருக்க வேண்டும். 19,800 கூடியிருந்தால் அது ஐந்தரை மணி நேரத்தின் விநாடிக் கணக்கு. எங்கோ கடிகாரமே திரும்பியிருக்கிறது என்று பொருள்.

4. டேட் என்று மட்டும் அடித்து உள்ளூர் நேரத்தைக் கைபேசியோடு ஒப்பிடுங்கள். பிறகு:

 டேட் +%இசட்

இங்கும் சிறிய எழுத்து. +0530 என்று வர வேண்டும். வலயச் சுருக்கத்தைவிட இந்த எண்ணையே நம்புங்கள். ஐஎஸ்டி என்ற சுருக்கத்தை இந்தியாவும் இஸ்ரேலும் அயர்லாந்தும் பயன்படுத்துகின்றன.

முறை 2: கையால் இணைப்பை மாற்றுதல்

பழைய லினக்ஸ், சிஸ்டம்டி இல்லாத சிறிய கருவிகள், மீட்பு நிலையில் திறந்த கணினி ஆகியவற்றுக்கு இந்த வழி. வலயக் கோப்புகள் எல்லாம் இந்த அடைவில் இருக்கும்:

 /யுஎஸ்ஆர்/ஷேர்/ஸோன்இன்ஃபோ

கணினி பார்ப்பது /இடிசி/லோக்கல்டைம் என்ற ஒரே பெயரைத்தான். அது பெரும்பாலும் மேற்கண்ட அடைவில் உள்ள ஏதோ ஒரு கோப்பைச் சுட்டும் இணைப்பு. அந்தச் சுட்டலை மாற்றினால் போதும்.

1. இப்போது எதைச் சுட்டுகிறது என்று பாருங்கள்:

 எல்எஸ் -எல் /இடிசி/லோக்கல்டைம்

வரியின் கடைசியில் அம்புக்குறி இருந்தால் அது இணைப்பு. அதன் வலப்பக்கம் இருப்பதைக் குறித்து வையுங்கள்.

2. புதிய வலயக் கோப்பு உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள்:

 எல்எஸ் -எல் /யுஎஸ்ஆர்/ஷேர்/ஸோன்இன்ஃபோ/ஏசியா/கொல்கத்தா

இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள். இல்லாத கோப்பைச் சுட்டினாலும் கணினி மறுக்காது. சத்தமில்லாமல் யூடிசிக்குப் போய்விடும்.

3. இணைப்பை மாற்றுங்கள்:

 சூடோ எல்என் -எஸ்எஃப் /யுஎஸ்ஆர்/ஷேர்/ஸோன்இன்ஃபோ/ஏசியா/கொல்கத்தா /இடிசி/லோக்கல்டைம்

வரிசை முக்கியம். முதலில் உண்மையான கோப்பு, அடுத்து இணைப்பின் பெயர். எஃப் எழுத்தை விட்டுவிட்டால் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று சொல்லி நின்றுவிடும்.

4. டெபியன் குடும்பத்தில் /இடிசி/டைம்ஸோன் என்ற சிறிய உரைக் கோப்பும் இருக்கலாம். இருந்தால் அதைத் திறந்து உள்ளே உள்ள பெயரையும் மாற்றுங்கள். சில நிரல்கள் அதைத்தான் படிக்கின்றன.

*பெரிய எச்சரிக்கை.* பழைய குறிப்புகளில் இணைப்புக்குப் பதிலாகச் சிபி கட்டளையால் கோப்பை நகலெடுக்கச் சொல்லியிருப்பார்கள். அதைப் பின்பற்றாதீர்கள். லோக்கல்டைம் ஏற்கெனவே யூடிசி கோப்பைச் சுட்டும் இணைப்பாக இருந்தால், நகல் அந்த இணைப்பின் வழியே போய், உண்மையான யூடிசி கோப்பின் மேலேயே எழுதிவிடும். அப்புறம் அந்தக் கணினியில் யூடிசி கேட்டாலும் இந்திய நேரம் வரும். இதைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம், ஏனென்றால் நாம் சந்தேகப்படும் கடைசி இடம் யூடிசிதான். இப்படி நடந்திருந்தால் வலயத் தரவுத் தொகுப்பை மீண்டும் நிறுவுங்கள். டெபியன், உபுண்டுவில்:

 சூடோ ஏபிடி இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால் டிஇசட்டேட்டா

இங்கே டிஇசட் உள்பட எல்லாம் சிறிய எழுத்து. நிறுவி முடித்த பிறகு, முறை 2இன் முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.

மற்ற யூனிக்ஸ் வகைகள்

ஃபிரீபிஎஸ்டியில் டிஇசட்செட்டப் என்று சிறிய எழுத்தில் அடித்தால் மெனு வரும். கண்டம், நாடு, ஊர் எனத் தேர்ந்தெடுத்துப் போகலாம். மேக் கணினியில் அமைப்புகள் பக்கத்தில் செய்வதே எளிது. தொலைவிலிருந்து செய்ய வேண்டுமானால் சூடோவுடன் சிஸ்டம்செட்டப் -செட்டைம்ஸோன் என்று அடித்து வலயப் பெயரைக் கொடுங்கள். முன்னதாக -லிஸ்ட்டைம்ஸோன்ஸ் என்று கேட்டு, பட்டியலில் கொல்கத்தா இருக்கிறதா கல்கத்தா இருக்கிறதா என்று பார்த்து, அங்கே உள்ளபடியே அடியுங்கள். ஏஐஎக்ஸ் கணினியில் /இடிசி/என்விரான்மென்ட் கோப்பில் உள்ள டிஇசட் வரியைத் திருத்தி, மறுபடி லாகின் செய்ய வேண்டும்.

வேலை இன்னும் முடியவில்லை: சேவைகளை மறுதொடக்கம் செய்யுங்கள்

டெர்மினலில் சரியான நேரத்தைப் பார்த்ததும் பலர் எழுந்து போய்விடுகிறார்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் பெரும்பாலும் தொடங்கியபோது வலயக் கோப்பைப் படித்ததோடு சரி, மறுபடி படிப்பதில்லை. அவை பழைய நேரத்திலேயே ஓடும். நீங்கள் திரும்பிப் போன பிறகு, அடுத்த மாதம் யாரோ மறுதொடக்கம் செய்யும்போது திடீரென்று மாறும். அந்த மாற்றத்துக்கும் இன்று நீங்கள் செய்ததற்கும் தொடர்பு இருப்பது யாருக்கும் தோன்றாது.

சர்வரையே ஒருமுறை ரீபூட் செய்ய முடிந்தால் அதுவே சுத்தமான வழி. முடியாதபோது இந்த வரிசையில் போங்கள்:

1. *கிரான்.* முதலில் இதுதான். டெபியன் குடும்பத்தில் சேவையின் பெயர் கிரான், ரெட்ஹாட் குடும்பத்தில் கிரான்டி.

 சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் கிரான்

2. *லாக் சேவை.* ஆர்சிஸ்லாக் எழுதும் பழைய பாணி வரிகளில் வலயம் குறிக்கப்பட்டிருக்காது. மாற்றிய இடத்தில் லாக்கில் ஐந்தரை மணி நேர இடைவெளி விழுந்ததுபோல் தெரியும். லாக்கர் என்ற கட்டளையால் நீங்களே ஒரு வரி எழுதி வையுங்கள்: இந்த நேரத்தில் வலயம் மாற்றப்பட்டது என்று. பின்னால் லாக்கைத் தோண்டுகிறவருக்கு அது பெரிய உதவி. ஜர்னல்சிடிஎல் வழியே பார்க்கும் லாக்குகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவை விநாடிக் கணக்கில் சேமிக்கப்பட்டு, பார்க்கும்போதுதான் மாற்றப்படுகின்றன.

3. *தரவுத்தளம்.* இங்கே நிதானம் தேவை. மைஎஸ்க்யூஎல் தொடங்கும்போது கணினியின் வலயத்தை எடுத்துக்கொள்கிறது. அதில் டைம்ஸ்டாம்ப் வகைப் புலங்கள் உள்ளே யூடிசியில் சேமிக்கப்படுவதால் மறுதொடக்கத்துக்குப் பிறகு பழைய பதிவுகளும் இந்திய நேரத்தில் சரியாகத் தெரியும். டேட்டைம் வகைப் புலங்களோ எழுதியது எழுதியபடியே நிற்கும். நேற்று வரை யூடிசியில் எழுதிய பில்களும் இன்று முதல் இந்திய நேரத்தில் எழுதும் பில்களும் ஒரே பத்தியில் கலந்துவிடும். கணக்கு, வருகைப்பதிவு, மருத்துவப் பதிவு போன்ற தரவு இருந்தால், நிரலை எழுதியவரிடம் எந்த வகைப் புலம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தரவுத்தளத்தைத் தொடாதீர்கள். பேக்கப் எடுத்த பிறகே மறுதொடக்கம். போஸ்ட்கிரெஸ் தன் அமைப்புக் கோப்பில் வலயத்தைத் தனியாக எழுதி வைத்திருக்கும். கணினியின் வலயம் மாறியது அதற்குத் தெரியாது. ஷோ டைம்ஸோன் என்று கேட்டு உறுதிசெய்யுங்கள்.

4. *பிஎச்பி, ஜாவா.* பிஎச்பி தன் பிஎச்பி.ஐஎன்ஐ கோப்பில் உள்ள டேட்.டைம்ஸோன் வரியைப் பார்க்கும். ஜாவா நிரல்கள் தொடங்கியபோது படித்ததையே பிடித்துக்கொண்டிருக்கும், மறுதொடக்கம் செய்தால்தான் மாறும்.

5. *டாக்கர் கண்டெய்னர்கள்.* வெளியே உள்ள கணினியின் வலயம் உள்ளே செல்லாது. கண்டெய்னரைத் தொடங்கும்போது டிஇசட் மாறியில் வலயப் பெயரைக் கொடுக்க வேண்டும். ஆல்பைன் போன்ற சிறிய இமேஜ்களில் வலயத் தரவுத் தொகுப்பே இருக்காது. அதையும் நிறுவினால்தான் பெயர் செல்லும், இல்லையென்றால் மறுபடி அதே சத்தமில்லாத யூடிசிதான்.

உங்களுக்கு மட்டும் மாற்ற

பல நாட்டுக்காரர்கள் பகிரும் சர்வர் என்றால் கணினியின் வலயத்தை யூடிசியிலேயே விட்டுவிடுங்கள் என்பதே என் பரிந்துரை. அமெரிக்காவில் கடிகாரத்தை ஆண்டுக்கு இருமுறை மாற்றுகிறார்கள். மார்ச்சில் ஒரு ஞாயிறு இரவு இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை என்ற நேரமே இருக்காது. நவம்பரில் ஒரு ஞாயிறு ஒன்றிலிருந்து இரண்டு வரையான மணி இருமுறை வரும். அந்த இடைவெளியில் குறித்த பேக்கப் ஓடாமல் போகலாம், இருமுறையும் ஓடலாம். யூடிசியில் இந்தச் சிக்கல் இல்லை. மாறாக, எல்லோரும் ஒரே அலுவலகத்தில் இருக்கும், இந்திய வாடிக்கையாளர் மட்டுமே உள்ள சர்வருக்கு இந்திய நேரம் வைப்பதில் தவறில்லை. இந்தியாவில் கடிகார மாற்றம் இல்லாததால் இந்த விபத்தும் இல்லை.

சர்வர் யூடிசியில் இருக்க, நீங்கள் மட்டும் இந்திய நேரத்தில் பார்க்க:

1. உங்கள் ஹோம் அடைவில் உள்ள .புரொஃபைல் கோப்பைத் திறந்து கடைசி வரியாக இதைச் சேருங்கள்:

 எக்ஸ்போர்ட் டிஇசட்=ஏசியா/கொல்கத்தா

2. வெளியேறி மறுபடி லாகின் செய்யுங்கள்.

3. டேட் அடித்துப் பாருங்கள். உங்களுக்கு மட்டும் மாறியிருக்கும்.

டிஇசட்செலக்ட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. கேள்வி கேட்டுக் கேட்டு, ஊர் வரை வந்து, கடைசியில் இதுபோன்ற ஒரு வரியைக் காட்டும். அது கணினியில் எதையும் மாற்றுவதில்லை. அந்த வரியை எடுத்து எழுதுவது உங்கள் வேலை.

கூட்டல் கழித்தல் குழப்பம்

ஊர் பெயருக்குப் பதில் எண்ணைக் கொடுக்கலாம் என்று சிலர் டிஇசட்=ஐஎஸ்டி+5:30 என்று எழுதுவார்கள். விளைவு, யூடிசிக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் போய்விடும். போஸிக்ஸ் விதிப்படி கிழக்கே உள்ள நாடுகளுக்குக் கழித்தல் குறி, மேற்கே கூட்டல் குறி. நாம் பேச்சில் சொல்வதற்கு நேர் எதிர். இடிசி/ஜிஎம்டி என்று தொடங்கும் வலயப் பெயர்களிலும் இதே தலைகீழ் முறைதான். ஊர் பெயரையே பயன்படுத்துங்கள், இந்தக் குழியில் விழ வாய்ப்பே இல்லை.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில்

ஒவ்வொரு முறை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறும்போதும் நேரம் ஐந்தரை மணி நேரம் நகர்ந்தால், வலயத்தை மாற்றி மாற்றிப் பார்க்காதீர்கள். மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் யூடிசி என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டில் ஒன்றை மாற்ற வேண்டும். விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் ரியல்டைம்இஸ்யுனிவர்சல் என்ற மதிப்பைச் சேர்த்து அதை யூடிசிக்குக் கொண்டுவருவதே நல்லது. லினக்ஸ் பக்கம் சரியாக இருக்கிறதா என்பதை உறுதிசெய்ய:

 சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 0

வலயத் தரவைப் புதுப்பித்தல்

அரசுகள் நேரத்தை மாற்றும்போது தரவுத்தளத்தில் புதிய பதிப்பு வரும். டிஇசட்டேட்டா தொகுப்பை வழக்கமான அப்டேட்டோடு சேர்த்துப் புதுப்பியுங்கள். இணைப்பு முறையில் அமைத்திருந்தால் புதிய விதி தானாக வந்துவிடும். ஃபிரீபிஎஸ்டியில் புதுப்பித்த பிறகு டிஇசட்செட்டப் -ஆர் என்று ஒருமுறை ஓட்டுங்கள். ஜாவா தன் வலயத் தரவைத் தானே சுமந்து வருவதால் ஜாவாவையும் புதுப்பிக்க வேண்டும்.

பின்வாங்க வேண்டுமானால்

மாற்றிய பிறகு ஏதேனும் நிரல் தடுமாறினால், தாளில் குறித்த பழைய பெயரை எடுங்கள். பழையது யூடிசி என்றால்:

 சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-டைம்ஸோன் யூடிசி

இங்கே யூடிசியின் மூன்று எழுத்துகளும் பெரிய எழுத்து. பின்வாங்கும்போது உள்ளூர் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போகும் என்பதால் இன்று ஓடிய கிரான் வேலைகள் மறுபடி ஓடலாம். ஆகவே கட்டளையை அடிக்கும் முன் கிரானை நிறுத்துங்கள், நேரத்தைச் சரிபாருங்கள், இன்று ஏற்கெனவே ஓடிய வேலைகள் எவை என்று லாக்கில் பாருங்கள். அவற்றின் நேரம் கடந்த பிறகு கிரானைத் தொடங்கி, அதுவரை விடுபட்டவற்றை மட்டும் கையால் ஓட்டுங்கள்.